பழைய காரில் கியர் விழ நேரமாகிறது: கிராஷ் பாக்ஸா, ப்ரீசெலக்டரா, சின்க்ரோமெஷா?

1930-க்கு முந்தைய கார்களை ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எஞ்சின், பாடி, டயர் என்று எல்லாம் சுற்றி வந்து கடைசியில் பேச்சு கியரில் போய் நிற்கும். மூன்றாவது கியரிலிருந்து டாப்புக்குப் போக வேண்டுமா? கிளட்சை மிதித்து, கியர் ராடை நியூட்ரலுக்கு இழுத்து, அங்கே சற்று நிறுத்தி, எஞ்சின் சத்தம் இறங்குவதைக் காதால் அளந்து, பிறகு மெல்லத் தள்ள வேண்டும். ஒரு கணம் முந்தினால் பற்கள் கரகரவென்று உரசும். அந்த அதிர்வு ராடு வழியாக உள்ளங்கைக்கு ஏறும். ரொம்பப் பிந்தினாலும் அதே உரசல்தான். மேட்டில் என்றால் இன்னும் மோசம். நியூட்ரலில் காத்திருக்கும் நேரத்துக்குள் வண்டியின் வேகம் விழுந்துவிடும். போட நினைத்த கியரே பொருந்தாமல் போய்விடும்.

இந்தத் தாமதத்தைப் போக்க பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் பொறியாளர்கள் வெவ்வேறு வழிகளில் முயன்றார்கள். 1932-இல் இங்கிலாந்தில் புதுக் கார் வாங்கப் போனவர் முன்னால் இவற்றில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் விற்பனைக்கு இருந்தன. அவருக்கிருந்த அதே தேர்வுதான் இன்று அந்தக் காலத்துக் கார் ஒன்றை வாங்கி, கண்காட்சிக்கு நிறுத்தாமல் உண்மையிலேயே சாலையில் ஓட்ட நினைப்பவருக்கும் இருக்கிறது. ஏற்கெனவே ஒன்றை வைத்திருப்பவரின் கேள்வி வேறு: கியர் பாக்ஸையே மாற்றிவிடுவதா, இருப்பதைச் சரிசெய்துகொள்வதா?

தாமதம் எங்கிருந்து வருகிறது

1891 வாக்கில் பாரிஸில் எமில் லெவாஸோர் காருக்குள் கொண்டுவந்த ஸ்லைடிங் கியர் பாக்ஸின் தத்துவம் எளிது. இரண்டு ஷாஃப்டுகள், அவற்றின் மேல் வெவ்வேறு அளவில் பல்சக்கரங்கள்; ஒன்றை நகர்த்தி இன்னொன்றில் கோத்துவிட வேண்டியதுதான். "முரட்டு வேலைதான், ஆனால் நடக்கிறது" என்று அவரே சொன்னதாக இன்றுவரை வழங்குகிறது. 1901-இல் மெர்சிடீஸ் 35 எச்.பி. காரில் வில்ஹெல்ம் மைபாக் வைத்த 'கேட்' அமைப்பு, ராடை எந்தப் பள்ளத்தில் தள்ளுவது என்ற தடுமாற்றத்தைத் தீர்த்தது. பல்லோடு பல் மோதும் சிக்கல் அப்படியே இருந்தது. அதனால்தான் இந்த வகைக்குக் 'கிராஷ் பாக்ஸ்' என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றாவது கியரின் விகிதம் 1.5, டாப்பின் விகிதம் 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடுகிறது. அதே சாலை வேகத்துக்கு டாப்பில் 1600 சுற்று போதும். அதாவது, கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் ஷாஃப்ட் 800 சுற்றும், அதோடு எப்போதும் கோத்திருக்கும் லேஷாஃப்ட் (இணையாகச் சுற்றும் துணை ஷாஃப்ட்) அதற்கேற்ற அளவும் இழந்தால்தான் பற்கள் இணங்கும். அந்த ஷாஃப்டின் நுனியில் உட்கார்ந்திருப்பதோ தோல் பதித்த பெரிய கோன் கிளட்ச், அல்லது கனத்த பல தட்டுக் கிளட்ச். பெடலை மிதித்தவுடன் அது எஞ்சினிடமிருந்து விடுபடும். ஆனால் தன் எடையின் வேகத்தில் தானாகச் சுற்றிக்கொண்டேயிருக்கும். எண்ணெயின் இழுப்பும் பேரிங்கின் உராய்வும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கும் வரைக்கும்தான் நம் காத்திருப்பு.

இதை நம்பக் கடினமாக இருந்தால் நம் பைக்குகளைப் பாருங்கள். அவற்றின் கியர் பாக்ஸில் சின்க்ரோமெஷ், அதாவது பற்கள் சேரும் முன் வேகத்தை ஒத்துப்போகவைக்கும் அமைப்பு, கிடையாது. பல்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் கட்டைப் பற்கள் பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் பழைய ஏற்பாடுதான். ஆனாலும் காலால் தட்டிய நொடியில் கியர் விழுகிறது. உள்ளே சுற்றுபவை எல்லாம் சிறியவை, லேசானவை. வேகம் ஒத்துப்போக நேரமே பிடிப்பதில்லை. பழைய காரில் கியர் விழ மறுப்பது பல்லின் குற்றம் போலத் தெரியும். பெரும்பாலும் குற்றவாளி எஞ்சினுக்கும் பல்லுக்கும் நடுவில் சுற்றும் எடைதான். இனி வரும் ஒவ்வொரு தீர்வையும் நான் இந்த ஒரு இடத்தில் வைத்தே மதிப்பிடுகிறேன்: அந்த எடையை அது என்ன செய்கிறது?

கிராஷ் பாக்ஸும் கிளட்ச் ஸ்டாப்பும்

பழைய லாரி ஓட்டியவர்கள் 'டபுள் கிளட்ச்' என்றவுடன் புரிந்துகொள்வார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியர். நியூட்ரலில் கிளட்சை விடும் அந்த நேரத்தில் எஞ்சின்தான் ஷாஃப்டைத் தூக்கி வேண்டிய வேகத்துக்குக் கொண்டுபோகிறது. இறங்கு கியருக்கு இதைவிட நல்ல வழி கிராஷ் பாக்ஸில் கிடையாது. பழகிவிட்டால் வேகமாகவும் செய்யலாம்.

மேல் கியருக்குப் போகும்போதுதான் வினை. அங்கேயும் டபுள் கிளட்ச் அடித்தால், நியூட்ரலில் ஷாஃப்ட் எஞ்சினோடு மறுபடி சேர்ந்துவிடுகிறது. கனமான ஃப்ளைவீல் வைத்த எஞ்சினின் சுற்று மெதுவாகத்தான் இறங்கும். அதோடு சேர்ந்து ஷாஃப்டும் மெதுவாகவே இறங்கும். இதற்காகத்தான் பல நல்ல கார்களில் கிளட்ச் ஸ்டாப் என்ற சின்னப் பொருளை வைத்தார்கள். 1920-களின் பென்ட்லிகளில் இதைப் பார்க்கலாம். பிரேக் லைனிங் ஒட்டிய ஒரு சிறு கட்டை. கிளட்ச் பெடலை அடிவரை மிதித்தால் மட்டும், சுற்றும் கிளட்ச் பாகத்தின் மேல் வந்து உரசும். பாதி மிதித்தால் கிளட்ச் விடுபடும், ஸ்டாப் தொடாது. முழுதாக மிதித்தால் ஷாஃப்டுக்குப் பிரேக் விழும். எனவே மேல் கியருக்கு ஒரே மிதி, அடிவரை. கீழ் கியருக்குப் பாதி மிதியோடு டபுள் கிளட்ச். கீழ் கியர் போடும்போது மறந்து அடிவரை மிதித்தால், தூக்கிவிட வேண்டிய ஷாஃப்டை நாமே இழுத்துப் பிடித்தது போல ஆகிவிடும்.

இந்தக் கட்டையின் பலனை யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம். சரியாக அட்ஜஸ்ட் செய்த ஸ்டாப் உள்ள காரில் மேல் கியர் காத்திருக்க வைக்காது. தேய்ந்துபோன ஸ்டாப் உள்ள அதே காரை ஓட்டுபவர், "இந்த மாடலே இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். மிதமிஞ்சி நெருக்கி வைத்தாலும் தொல்லை: ஷாஃப்ட் சட்டென்று நின்றுவிடும், அதற்கும் கியர் உரசும். ஓடும் வேகத்தில் மேல் கியர் ஒரே சீராக விழும் வரை சிறிது சிறிதாகத் திருகி, ஓட்டிப் பார்த்து, மறுபடி திருக வேண்டும். சின்க்ரோமெஷ் இல்லாத அமெரிக்கக் கன லாரிகளில் இன்றும் இதே தத்துவத்தில் கிளட்ச் பிரேக் இருக்கிறது. அங்கே அது வண்டி நிற்கும்போது முதல் கியர் போடுவதற்கு மட்டும்.

பல்லை நகர்த்தாத வழிகள்

ஹென்றி ஃபோர்டு இந்தச் சிக்கலை எதிர்கொள்ளாமலே ஒதுங்கிப்போனார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான மாடல் டி-யில் ப்ளானட்டரி கியர்கள் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் அமைப்பு) எப்போதும் கோத்தபடியே இருக்கும். ஒரு டிரம்மைச் சுற்றிய பட்டையை இறுக்கினால் லோ, விட்டால் ஹை. இடது பெடலை மிதித்துப் பிடித்தால் லோ, பாதியில் நியூட்ரல், முழுக்க விட்டால் ஹை. நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக், ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்குக்கு அடியில் கையில். பற்களை உரச வழியே கிடையாது. ஆனால் மொத்தம் இரண்டே கியர். லோவில் எஞ்சின் அலறும், ஹையில் மேடு ஏறத் திணறும். அந்த இடைவெளியை நிரப்பவே ரக்ஸ்டெல் என்ற இரண்டு வேகப் பின் ஆக்சிலைத் தனியாக விற்றார்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாகிவிட்டால் நியூட்ரலிலும் இழுக்கும். கிராங்க் சுற்றியவர் மேலேயே வண்டி நகர்ந்து வரும். கியர் போடத் தெரியாதவருக்கு இது வரம். இன்று வாங்குபவருக்கோ, மற்ற எந்தக் காரின் பழக்கமும் உதவாத தனி வித்தை.

ஃப்ரீவீல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1930-இல் அமெரிக்காவில் ஸ்டூடபேக்கரும் சற்றுப் பின்னால் இங்கிலாந்தில் ரோவரும் இதைக் கொடுத்தார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் சக்கரம் கியர் பாக்ஸைத் திருப்புவது நின்றுவிடும், கிளட்ச் மிதிக்காமலே கியர் மாறும். ஆனால் இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் துளியும் இருக்காது. அன்றைய மெக்கானிக்கல் பிரேக்குகளை மட்டும் நம்பி மலையிறங்க வேண்டும். அதனால்தான் அதைப் பூட்டிவைக்க ஒரு குமிழும் வைத்தார்கள். பூட்டிவிட்டால் அது பழைய கிராஷ் பாக்ஸ்தான். இதற்காக ஒரு காரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ப்ரீசெலக்டர்

மனதுக்கு மிகவும் நெருக்கமான தீர்வு இது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் கார்டன் வில்சன் 1900-களின் தொடக்கத்திலேயே ப்ளானட்டரி கியர் வைத்துக் கார் செய்து பார்த்தவர். அவருடைய நான்கு வேக ப்ரீசெலக்டரை 1928-இன் கடைசியில் ஆம்ஸ்ட்ராங் சிட்லி தன் கார்களுக்கு எடுத்துக்கொண்டது. 1930-இல் டெய்ம்லர் அதோடு, எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் ஃப்ளூயிட் ஃப்ளைவீலைச் சேர்த்தபோது கிளட்ச் என்ற ஒன்றே தேவையில்லாமல் போனது.

ஓட்டும் விதம் இப்படி. ஸ்டியரிங் அருகே விரலால் நகர்த்தும் சிறு லீவர். வளைவு வருவதற்கு முன்பே அதை மூன்றில் வைத்துவிடலாம். வண்டி டாப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும், எதுவும் நடக்காது. வளைவு வந்ததும் இடது பெடலை ஒரு மிதி, விடு. மூன்று விழுந்துவிட்டது. உள்ளே ஒவ்வொரு கியருக்கும் ஒரு பிரேக் பட்டை. பெடலை விடும்போது வலுவான ஸ்பிரிங் ஒன்று, நாம் முன்கூட்டிச் சொல்லிவைத்த பட்டையை இறுக்கும். டாப்புக்கு மட்டும் ஒரு கோன் கிளட்ச் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிவிடும். பல் எதுவும் நகர்வதில்லை. சுற்றும் எடையின் வேகத்தைப் பட்டையே வழுக்கிப் பிடித்து அடக்கிவிடுகிறது. காத்திருக்கும் வேலை ஓட்டுநரிடமிருந்து இயந்திரத்துக்குப் போய்விட்டது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும் என்பதால் பந்தயக்காரர்களும் விரும்பினார்கள். 1933-இல் அல்ஸ்டர் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தை இத்தாலிய வீரர் நூவோலாரி ஜெயித்த எம்.ஜி. கே3-யில் இருந்தது வில்சன் பாக்ஸ்தான், ஈ.ஆர்.ஏ. பந்தயக் கார்களிலும் அதுவே.

கார்களில் மங்கிய பிறகும் பேருந்துகளில் இது நீண்ட நாள் வாழ்ந்தது. நாள் முழுக்க நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமானது அன்று இல்லை. லண்டனின் ஆர்.டி. வகை இரட்டை மாடிப் பேருந்துகளில் காற்றழுத்தத்தில் இயங்கும் ப்ரீசெலக்டர் இருந்தது. இலங்கைப் போக்குவரத்துச் சபை அந்தப் பேருந்துகளை நூற்றுக்கணக்கில் வாங்கி ஓட்டியதால், அவற்றை ஓட்டிய சாரதிகளுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது.

குறையும் உண்டு. பாக்ஸ் கனமானது. கீழ் கியர்களில் சக்தியில் ஒரு பங்கை உள்ளேயே விழுங்கும். ஃப்ளூயிட் ஃப்ளைவீல் வைத்த வண்டியைக் கியரில் போட்டு மேட்டில் நிறுத்துவது பயனற்றது. ஹேண்ட் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். லீவர் சரியாக உட்காராமலோ, பட்டை அட்ஜஸ்ட்மென்ட் கெட்டோ இருக்கும்போது பெடலை விட்டால், அது வழக்கமான இடத்தையும் தாண்டி எகிறிக் காலைத் தள்ளும். மறுபடி கீழே அழுத்த உடல் பலம் முழுதும் வேண்டும். ஒருமுறை அந்த எகிறலை வாங்கியவர் லீவரைப் பார்க்காமல் பெடலைத் தொட மாட்டார். வாங்கும் முன் ஒவ்வொரு கியரையும் தனித்தனியாகப் போட்டு இழுவையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு கியரில் மட்டும் எஞ்சின் சுற்று ஏறி வண்டி ஏறாவிட்டால் அந்தப் பட்டை போய்விட்டது என்று பொருள். பாக்ஸைத் திறந்து வேலை செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் கோட்டல் பாக்ஸ் இதே குடும்பம்தான். பட்டைக்குப் பதில் மின்காந்தம். டெலாஹே, டெலாஜ் கார்களில் ஸ்டியரிங் அருகே சுண்டுவிரல் அளவு ராடைத் தட்டினால் போதும், உடனே கியர் மாறும். ரிவர்ஸுக்குத் தனி ராடு என்பதால் பின்னோக்கியும் நான்கு கியர் கிடைக்கும் வேடிக்கை உண்டு. மாற்றும் வேகத்தில் இதை எதுவும் வெல்லவில்லை. ஆனால் இது விலையுயர்ந்த கார்களின் உலகம். கெட்டுப்போனால் வைத்தியரும் அரிது.

சின்க்ரோமெஷ்

கடைசியில் ஜெயித்தது இதுதான். அமெரிக்காவின் ஏர்ல் தாம்ப்ஸன் உருவாக்கிய இதை 1928-இல் காடிலாக் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பற்கள் சேருவதற்கு முன்னால் ஒரு சிறு வெண்கலக் கோன் முதலில் தொட்டு உரசி, இரண்டு பக்கத்தின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. அதன் பிறகே பற்கள் மாட்டுகின்றன. தயாரிப்பாளருக்குப் பெரிய வசதி: பழைய பாக்ஸின் வடிவம், கிளட்ச், ராடு எல்லாம் அப்படியே இருக்க, உள்ளே சில பாகங்களைச் சேர்த்தால் போதும். வில்சன் பாக்ஸின் செலவோ எடையோ இல்லை. 1932-க்குள் வாக்ஸ்ஹாலிலும் ரோல்ஸ் ராய்ஸிலும் வந்துவிட்டது. 1933-இல் ஆல்விஸ் முன்னோக்கிய நான்கு கியருக்கும் கொடுத்தது.

ஆனால் 'சின்க்ரோமெஷ் உண்டு' என்ற விளம்பர வரியை மட்டும் பார்த்து 1930-களின் காரை வாங்கக் கூடாது. எந்தெந்தக் கியருக்கு என்று கேட்க வேண்டும். தொடக்கத்தில் மேலிரண்டு கியருக்கு மட்டும்தான் இருந்தது. முதல் கியருக்குக் கொடுக்காத வழக்கம் வெகு காலம் நீடித்தது. நம் அம்பாசடரில் ஓடும்போது முதல் கியர் போட முயன்று கரகரப்பு வாங்கியவர்களுக்கு இது தெரியும். இன்னொன்று, அந்தச் சின்னக் கோன் அடக்க வேண்டியதும் அதே சுற்றும் எடையைத்தான். லேசான ஒற்றைத் தட்டுக் கிளட்ச் இருந்தால் அதற்குச் சுலபம். கனத்த கிளட்சோடு கட்டிவிட்டால் கோன் வெகு சீக்கிரம் தேயும். தேய்ந்தபின் அது சின்க்ரோமெஷ் என்று பெயர் போட்ட கிராஷ் பாக்ஸ்.

இதே தாம்ப்ஸன்தான் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸில் ஹைட்ரா-மேட்டிக் குழுவை நடத்தினார். ப்ளானட்டரி கியரையும் ஃப்ளூயிட் கப்ளிங்கையும் சேர்த்த அந்த ஆட்டோமேட்டிக் 1939-இல், 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்தது.

எதை எடுப்பது

ஊருக்குள், நெரிசலில், ஊர்வல வேகத்தில் அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள், வீட்டில் மற்றவர்களும் ஓட்ட வேண்டும் என்றால் ஃப்ளூயிட் ஃப்ளைவீல் சேர்ந்த ப்ரீசெலக்டரை எடுங்கள். டெய்ம்லரோ, அதே குழுமத்தின் லான்செஸ்டரோ. தூரப் பயணம், எந்த ஊரிலும் திறந்து சரிசெய்யும் வசதி என்று யோசித்தால் 1930-களின் நடுப்பகுதியைச் சேர்ந்த சின்க்ரோமெஷ் கார். 1920-களின் கார்தான் வேண்டும் என்று மனது சொன்னால் கிராஷ் பாக்ஸை மனமுவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தக் காரின் ஓட்டத்தில் பாதி அழகு அங்கேதான் இருக்கிறது.

கிராஷ் பாக்ஸ் காரில் பிற்கால ஐந்து கியர் சின்க்ரோமெஷ் பாக்ஸைப் பொருத்துவதை நான் ஆதரிக்கவில்லை. பழைய கனத்த கிளட்சை வைத்துக்கொண்டு செய்தால் புதுப் பாக்ஸ் சீக்கிரம் கெடும். கிளட்சையும் லேசாக மாற்றினால், அந்த ஒரு மாற்றத்திலேயே பழைய பாக்ஸ் பாதித் தொல்லையை விட்டுவிடும். புதுப் பாக்ஸுக்கான காரணம் மெலிந்துபோகும்.

வைத்திருப்பவர்கள் பாக்ஸைத் திறக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். வண்டி நிற்கட்டும், எஞ்சின் சூடேறி ஐட்லிங்கில் ஓடட்டும். கிளட்சை அடிவரை மிதித்து, சில நொடி பொறுத்து, முதல் கியரைத் தொடுங்கள். எவ்வளவு பொறுத்தாலும் உரசுகிறது என்றால் ஷாஃப்டை யாரோ திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அல்லது ஃப்ளைவீலின் நடுவில் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் காய்ந்து இறுகிவிட்டது. பொறுத்தால் சத்தமில்லாமல் விழுகிறது, ஆனால் ரொம்ப நேரம் பொறுக்க வேண்டியிருக்கிறது என்றால் கிளட்ச் ஸ்டாப்பையும் எண்ணெயையும் பாருங்கள். பழைய பாக்ஸுக்குச் சொன்ன கெட்டி எண்ணெய்க்குப் பதில் யாராவது மெல்லிய எண்ணெய் ஊற்றியிருந்தால் ஷாஃப்ட் அடங்கவே அடங்காது. எண்ணெய் மாற்றும்போது ஜிஎல்-5 என்று போட்ட டப்பாவைத் தவிர்த்துவிடுங்கள். அதன் ரசாயனம் உள்ளே இருக்கும் பித்தளை, வெண்கலப் பாகங்களை அரிக்கக்கூடும். இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் உரசல் தொடர்ந்தால், அப்போது பாக்ஸைத் திறந்து அந்தப் பல்லின் முனையைப் பார்க்கலாம்.